கலெக்டரின் குரைப்புகள்

எங்கள் பொன்மலர் குடியிருப்பில் ஒரு நாயின் குரைப்பு முதன்முதலாகக் கீழே விழுந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். அன்றைக்குத் தண்ணீர் லாரியும் வரவில்லை, லிஃப்டும் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது என்பதால், இந்த மூன்றில் எதற்கு முதலில் ஆச்சரியப்படுவது என்று யோசிக்க எங்களில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. மூன்றாவது மாடியில், ஞானசுந்தரி வீட்டு வாசலில் அது கிடந்தது. எலுமிச்சம்பழ அளவு, கன்னங்கரேல் நிறம், தொட்டால் இளஞ்சூடு. துப்புரவு வேலை பார்க்கும் செங்கொடி விளக்குமாற்றால் தள்ளிப் பார்த்தாள், உருண்டது. செருப்புக் காலால் மிதித்துப் பார்த்தாள், "வள்" என்று ஒரே ஒரு தரம் குரைத்துவிட்டுப் பொடியாகிப் போனது. செங்கொடி பொடியை முறத்தில் அள்ளிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள், ஏனென்றால் அவளுக்கு இன்னும் நாற்பது வாசல் பாக்கி இருந்தது.

நாயின் பெயர் கலெக்டர். ஞானசுந்தரியின் கணவர் தன் ஒரே மகள் மதுவந்தி கலெக்டராக வேண்டும் என்று கனவு கண்டவர். அவள் கம்ப்யூட்டர் படிக்கப் போய்விட்ட வருஷம், சிங்காநல்லூர் குளத்தங்கரையிலிருந்து அவள் தூக்கிக்கொண்டு வந்த செம்பட்டைக் குட்டிக்கு, இந்த வீட்டில் யாராவது ஒருத்தர் கலெக்டராக இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவரே அந்தப் பெயரை வைத்தார். அவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. மதுவந்தி வேலை கிடைத்து மெல்பர்னுக்குப் போனது, குரைப்பு விழுந்த வியாழனுக்கு முந்தின புதன்கிழமை.

அந்தப் புதன்கிழமை நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் யாரும் வாசற்படி தாண்டும்போது "போறேன்" என்று சொல்ல மாட்டோம்; எதிர்க்கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவோம், உள்ளே இருப்பவர் "வா" என்றோ "சரி" என்றோ ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் செருப்பை மாட்டுவோம். ஆனால் அன்று ஞானசுந்தரி கலெக்டரைக் குளியலறையில் இரண்டு பிஸ்கட்டோடு அடைத்துவிட்டு, மகளைப் பார்த்துக் கிசுகிசுப்பாகச் சொன்னாள்.

"சொல்லிட்டுக் கிளம்புனீன்னா அது ஊரையே கூட்டிரும், அதப் பாத்து நானும் அழுதுருவேன். சத்தமில்லாமப் போயிரு கண்ணு."

மதுவந்தி சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். சக்கரம் உருளும் சத்தம்கூடக் கேட்காதபடி பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் மூன்று மாடி இறங்கிப் போனாள். மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு ஞானசுந்தரி, தான் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் ஆபீசுக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். பூட்டிய கதவுக்குப் பின்னால் கலெக்டர் குரைத்தது. அந்தச் சத்தம் வழக்கம்போலக் கதவைத் தாண்டி வந்தது, ஆனால் வழக்கம்போலக் காற்றில் கரைந்து போகாமல் தரையில் விழுந்தது.

அதற்குப் பிறகு நாள்தோறும் விழுந்தது. நாய் எந்தத் திசையைப் பார்த்துக் குரைத்ததோ அந்தத் திசையில், சுவரோ கதவோ எதுவானாலும் தாண்டிப் போய் விழுந்தது. முதல் வாரம் நாங்கள் தாண்டிப் போனோம், இரண்டாவது வாரம் பழகிப் போனோம், மூன்றாவது வாரம் அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கினோம். பிள்ளைகள் ஸ்டம்புக்குப் பதில் மூன்று குரைப்புகளை அடுக்கி வைத்து கிரிக்கெட் ஆடினார்கள், அவுட் ஆனால் அதுவே கத்திச் சொல்லிவிடும் என்பதால் சண்டை குறைந்தது. ஊருக்குப் போகிறவர்கள் வீட்டு வாசலில் நாலைந்தைப் போட்டுவிட்டுப் போனார்கள், திருடன் மிதித்தால் தெரியட்டும் என்று. திருடன் வரவில்லை, பால்காரர்தான் மிதித்துவிட்டு இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தார். முதல் மாடி டியூஷன் மாஸ்டரின் நாற்காலி மெத்தைக்கு அடியில் ஒன்று இருந்ததைப் பற்றி அவர் புகார் கொடுக்கவில்லை, கௌரவப் பிரச்சினை. மக்கும் குப்பைக்குப் பச்சை வாளி, மக்காத குப்பைக்கு நீல வாளி என்று இருந்ததோடு, குரைப்புக்கென்று ஒரு கறுப்பு வாளியும் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் மாடிக்கு ஒன்றாக வைக்கப்பட்டது. மாநகராட்சி வண்டிக்காரர் மட்டும் கறுப்பு வாளியைத் தொடமாட்டேன் என்றார், அவரிடம் இருந்த பட்டியலில் குரைப்பு இல்லை.

ஒரு நாய் ஏன் குரைக்கிறது என்று இதுவரை எங்களில் யாரும் கேட்கவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நாங்கள் கவனிக்கவில்லை.

விஷயம் முற்றியது சங்கச் செயலாளர் வெள்ளிங்கிரியால். அவர் மனைவியை இழந்தவர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்ற பிறகும் விதியை விட்டுவிட மனம் வராதவர். ஒரு காலை மாடிப்படியில் குரைப்பை மிதித்து, அது கத்த, அவரும் கத்த, இடுப்புப் பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துவிட்டார். எழுந்ததும் அவசரக் கூட்டம் கூட்டினார். தீர்மானம் எளிமையாக இருந்தது: பங்குனி கடைசி ஞாயிறு காலை சங்கம் நேரில் வந்து சோதிக்கும், ஞானசுந்தரி வெளியே நிற்க, நாய் உள்ளே இருக்க, அரை மணி நேரத்தில் ஒரே ஒரு குரைப்பு விழுந்தாலும் நாய் பொள்ளாச்சித் தோட்டத்துக்குப் போக வேண்டும். எங்கள் ஊரில் வேண்டாத நாய்கள் எல்லாம் பொள்ளாச்சித் தோட்டத்துக்குத்தான் போகின்றன, அங்கே அவை சந்தோஷமாக ஓடியாடி விளையாடுகின்றன, அந்தத் தோட்டத்தைப் பார்த்தவர் மட்டும் யாரும் கிடையாது. ஞானசுந்தரிக்கு இது தெரியும். கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கலெக்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்த வீட்டில் தன் பேச்சைக் கேட்க மிச்சமிருக்கிற ஒரே ஜீவனும் போய்விடுமோ என்று பயந்து அழுதாள்.

தீர்மானம் போட்ட கையோடு நாங்கள் எல்லோரும் யோசனை சொல்ல ஆரம்பித்தோம், அதற்கு மட்டும் எங்களிடம் என்றைக்கும் பஞ்சமில்லை. செய்தித்தாளைச் சுருட்டி மூக்கில் ஒன்று போடுங்கள் என்றார் ஒருவர். கோனியம்மன் கோயில் கயிறு கட்டுங்கள் என்றார் இன்னொருவர். விசில் மாட்டிய ஒரு பயிற்சியாளர் வந்து, வீட்டில் யார் தலைவர் என்பதுதான் பிரச்சினை, நாய்க்கு முன்னால் நீங்கள் முதலில் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்; ஞானசுந்தரி ஒரு வாரம் கலெக்டரைப் பார்த்தபடி இட்லி சாப்பிட்டாள், கலெக்டர் அதைப் பார்த்தபடி தூங்கிப்போனது.

ஆனால் எல்லோரும் ஒருமனதாகச் சொன்ன யோசனை ஒன்று உண்டு. சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் நாயைக் குரைப்புக் குவியலுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய், இது யார் வேலை என்று கேட்க வேண்டும். ஞானசுந்தரி அப்படியே செய்தாள். விரல் நீட்டிக் கேட்டதும் கலெக்டர் காதைப் பின்னால் மடித்து, முகத்தை ஒருபக்கம் திருப்பி, வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துப் பூரித்துப் போவார்கள்.

"பண்ணுன தப்பு அதுக்கே தெரியுது பாருங்க! மனுசங்களுக்குக் கூட இந்த ரோசம் கிடையாது."

தப்பு தெரிந்த நாய் மறுநாள் இரண்டு மடங்கு குரைத்தது. ஒரு வாளி இரண்டு வாளி ஆயிற்று.

அந்த இரண்டு வாளியையும் தூக்கிச் சுமக்கிறவள் செங்கொடி. குப்பையைப் பிரித்துப் பிரித்துப் பழகிய கை, குரைப்பையும் தானாகவே பிரித்துப் போட்டது. பால்கனிக்கு வெளியே விழுந்தவை புறாவைப் பார்த்துக் குரைத்தவை, லேசானவை, பொழுதுபோக்குக்கானவை. அழைப்பு மணிக்குக் குரைத்தவை உருண்டையாக, ஒரே மாதிரி இருக்கும். வாசலில் விழுபவைதான் கனம். சங்கத்தின் சோதனைக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு ஞானசுந்தரியின் கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க்கா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு செங்கொடி. எல்லாரும் சொல்லியாச்சு, நீ ஒருத்திதான் பாக்கி."

"வாசல்ல வுழுகுறதெல்லாம் நாள் பூரா வுழுகுறதில்லீங்க. நீங்க கீழ எறங்குனதும் ஆரம்பிக்குது, ஒம்பதே காலுக்கெல்லாம் நின்னுருது. நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு அதுக்குத் தெரியிலீங்க, அவ்ளோதான். ஆனா போன மாசத்துல இருந்து சாயங்காலமும் வுழுகுது, அஞ்சரைக்கு. அது இன்னும் கனமா இருக்குதுங்க."

"அஞ்சரைக்கு நான் வர்ற நேரமாச்சே."

"அதுக்குத்தானுங்க. முன்ன நீங்க போறதுக்கு மட்டும் பயந்துச்சு. இப்ப நீங்க வர்றதுக்கும் பயப்படுது."

ஞானசுந்தரிக்குக் கோபம் வந்தது. "தப்புப் பண்ணிட்டு முழிக்குதே, அது தெரியுமா உனக்கு? அந்த மூஞ்சிய நீ பாத்ததில்ல."

"தப்பப் பாத்து அது மூஞ்சி அப்புடி வெக்கிலீங்க்கா, உங்க மூஞ்சியப் பாத்து வெக்குது. தரையச் சுத்தமாக் கூட்டிப் போட்டுட்டு, சும்மா ஒருக்கா மொறச்சுப் பாருங்க."

செங்கொடி போன பிறகு, ஒரு குரைப்பும் இல்லாத சுத்தமான கூடத்தின் நடுவில் நின்று, பந்தோடு விளையாடிக்கொண்டிருந்த கலெக்டரைப் பார்த்து ஞானசுந்தரி சும்மா முறைத்தாள். பந்து உருண்டு போனது. காது மடிந்தது, முகம் திரும்பியது, வால் உள்ளே போனது, எந்தத் தப்பும் செய்யாத நாய் எல்லாத் தப்பையும் ஒப்புக்கொண்டு தரையில் படுத்தது. ஞானசுந்தரி அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று அவளுக்கு வந்த வெட்கத்தைப் போல அவள் வாழ்க்கையில் எப்போதும் வந்ததில்லை என்று பிற்பாடு அவளே எங்களிடம் சொன்னாள்.

மறுநாளிலிருந்து நாங்கள் ஒரு வேடிக்கை பார்த்தோம். ஞானசுந்தரி கதவைத் திறந்து, கொஞ்சலும் கெஞ்சலும் இல்லாமல், காய்கறிக்காரரிடம் சொல்வதுபோலச் சாதாரணமாக "போயிட்டு வரேன்" என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, வெளியே ஒரு நிமிஷம் நின்று, நாய் வாய் திறப்பதற்குள் உள்ளே திரும்பிப் போய், ஆரவாரமில்லாமல் ஒரு பிஸ்கட்டைக் கீழே போட்டாள். பிறகு மறுபடி "போயிட்டு வரேன்". பிறகு மறுபடி. ஒரு நிமிஷம் இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று, ஐந்தில் ஒரு குரைப்பு விழுந்தது, மூன்றுக்குத் திரும்பி வந்து மறுபடி ஐந்துக்குப் போனாள். ஆபீசில் மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு, காலையில் கலெக்டரை அது சோர்ந்து போகிற வரைக்கும் குளத்தைச் சுற்றி நடத்தினாள். பழைய துண்டில் பொரியைச் சுருட்டி முடிந்து, அவிழ்த்துத் தின்னட்டும் என்று கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் நாற்பது தடவை அவள் தன் வீட்டை விட்டுக் கிளம்பியதை எண்ணியவர்கள் உண்டு. அவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எங்களில் பாதிப் பேரும், அடிக்கடி "போயிட்டு வரேன்" சொன்னால் அந்த வார்த்தைக்கு மதிப்புப் போய்விடும் என்று மீதிப் பேரும் பேசிக்கொண்டோம். நடந்தது வேறு. சொன்னால் வந்துவிடுகிறாள், சொன்னால் வந்துவிடுகிறாள் என்று அந்த வார்த்தைக்கு ஒரு நாய் முன்னிலையில் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே கறுப்பு வாளி காலியாகக் கிடந்தது; எங்கள் பிள்ளைகள் மறுபடி ஸ்டம்பு தேட வேண்டியதாயிற்று.

கடைசி ஞாயிறு காலை பத்து மணிக்கு வெள்ளிங்கிரி தீர்மானப் புத்தகத்தோடு வந்தார். பின்னால் சங்க உறுப்பினர்கள், அவர்களுக்குப் பின்னால் வேலையில்லாத நாங்கள் எல்லோரும், ஓரத்தில் விளக்குமாற்றோடு செங்கொடி. ஞானசுந்தரி "போயிட்டு வரேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு வந்து எங்களோடு நின்றாள். பத்து நிமிஷம். இருபது நிமிஷம். உள்ளேயிருந்து துண்டு இழுபடும் சத்தம் மட்டும் வந்தது. வெள்ளிங்கிரி கடிகாரத்தைப் பார்த்த முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது, அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும்.

இருபத்தைந்தாவது நிமிஷம் ஞானசுந்தரியின் போன் அடித்தது. மதுவந்தி. சித்திரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள், டிக்கெட்டும் எடுத்திருந்தாள். இப்போது ஆபீசில் விடமாட்டேன் என்கிறார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். வராந்தாவில் அத்தனை பேர் நிற்கும்போது ஞானசுந்தரி என்ன சொல்வாள்?

"பரவால்ல கண்ணு. வேலையப் பாரு. நேரத்துக்குச் சாப்புடு. எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். சரி, வெச்சுர்றேன்."

போனை வைத்தாள். தொப் என்று ஒன்று விழுந்தது.

எல்லோரும் கீழே பார்த்தோம். கதவுக்கு வெளியே, ஞானசுந்தரியின் காலடியில், தேங்காய் அளவில், கறுப்பாக ஒரு குரைப்பு. அவ்வளவு பெரியதை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. குரைத்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லைதான், ஆனால் கண்ணுக்கு எதிரே கிடக்கும்போது காதை யார் கேட்பார்கள்? வெள்ளிங்கிரி கதவைத் தள்ளித் திறந்தார். கலெக்டர் துண்டை வாயில் கவ்வியபடி எழுந்து வந்து, வாசலை அடைத்துக்கொண்டு தன்னையே பார்க்கிற அத்தனை முகங்களையும் பார்த்தது. துண்டு நழுவியது. காது மடிந்தது, முகம் திரும்பியது, வால் உள்ளே போனது.

"பாருங்க, பண்ணுன தப்பு அதுக்கே தெரியுது" என்றார் வெள்ளிங்கிரி, பேனாவைத் திறந்துகொண்டே. நாங்களும் தலையாட்டினோம்.

ஞானசுந்தரி சும்மா இருந்திருந்தால் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். மகளைப் பற்றி ஒரு நாளும் யாரிடமும் குறை சொல்லாதவள், கணவர் இறந்தபோதுகூட எங்கள் முன்னால் சத்தமாக அழாதவள் அவள்.

"அது என்னோடதுங்க சார்" என்றாள்.

"ஏனுங் அம்மிணி, நாயக் காப்பாத்தறதுக்காக நீங்க பழிய ஏத்துக்கிட்டா விதி ஒத்துக்குமா? செங்கொடி, அத மிதி. எவருதுன்னு தெரிஞ்சுரும்."

செங்கொடி மிதிக்கவில்லை. குனிந்து, விளக்குமாற்றுக் கட்டையால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள். அது உடைந்தது. "மது" என்றது. படியிறங்கிப் போகிறவளை மேலேயிருந்து கூப்பிடுகிற குரலில், ஞானசுந்தரியின் குரலில், ஒரே ஒரு தரம், மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி "மது" என்று சொல்லிவிட்டுப் பொடியாகிப் போனது.

 வெள்ளிங்கிரி தொண்டையைச் செருமினார்.

"நாயாகட்டும் மனுசராகட்டும், சத்தம் சத்தந்தான். சங்கத்துல இப்புடி ஒண்ணு வுழுகக் கூடாது…"

"அப்ப உங்கூட்டு வாசலுக்கு என்னங் பண்றதுங்க?" என்று கேட்டாள் செங்கொடி. குத்திக்காட்டுகிற குரல் இல்லை, வாளி எங்கே வைப்பது என்று கேட்கிற குரல்தான். "அங்க நாய் கிடையாது. ஆனாலும் ஞாயித்துக்கிழமையானா சாயங்காலம் ரெண்டு கெடக்குது, நானும் மாசக்கணக்காக் கூட்டிட்டுத்தான் இருக்கறனுங்க. சொன்னா நல்லாருக்காதேன்னு சொல்லுல."

வெள்ளிங்கிரியின் மகன் பீளமேட்டில் இருக்கிறான், பஸ்ஸில் இருபது நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை வருவதாக வாரந்தோறும் போனில் சொல்லுவான். வெள்ளிங்கிரி பேனாவை மூடி, தன் காலடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நாங்கள் எல்லோருமே அவரவர் காலடியைப் பார்த்துக்கொண்டோம். தீர்மானப் புத்தகத்தில் அன்று எழுதப்பட்டது இவ்வளவுதான்: நாய் குரைக்கவில்லை, கூட்டம் முடிந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு ஞானசுந்தரி உள்ளே போனாள். கலெக்டர் இன்னும் அந்த மூஞ்சியோடுதான் படுத்திருந்தது. அவள் அதைப் பார்க்காததுபோல் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டை எடுத்து அதன் காலருகில் போட்டுவிட்டு, மெல்பர்னுக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா, இப்பத்தான வெச்சீங்க? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. அன்னைக்கு உன்னைச் சொல்லாமக் கிளம்பச் சொன்னேனே, அது என் தப்பு. இப்பச் சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"போயிட்டு வரேன்னு சொல்லி வெச்சுட்டு, ஒரு நிமிஷம் கழிச்சுக் கூப்புடு."

 மதுவந்தி, சொன்ன பேச்சைக் கேட்கிற பெண், "போயிட்டு வரேம்மா" என்றாள், வைத்தாள். ஒரு நிமிஷம் கழித்துக் கூப்பிட்டாள். மறுபடி சொன்னாள், வைத்தாள், இரண்டு நிமிஷம் கழித்துக் கூப்பிட்டாள். பிறகு ஐந்து. ஐந்தில் ஞானசுந்தரியின் மடியில் எலுமிச்சம்பழ அளவில் ஒன்று விழுந்தது. மூன்றுக்குத் திரும்பி வந்து, மறுபடி ஐந்துக்குப் போனார்கள். ஒவ்வொரு தடவை போன் அடித்தபோதும் ஞானசுந்தரி ஆரவாரமில்லாமல் டப்பாவைத் திறந்து, பிஸ்கட் ஒன்றை எடுத்து, பாதியைத் தான் தின்றுவிட்டு, பாதியைக் கலெக்டருக்குப் போட்டாள்.